கியர்பாக்ஸை இறக்கவே இல்ல, பெயின்ட் அடிச்சு ஓவர்ஹால்னு பில் போட்டுட்டாங்க

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கிப் பிரிக்கணும்"னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொன்னா உடனே சரின்னு சாவியைக் கொடுத்துடாதீங்க. என்கிட்ட முழு ஓவர்ஹாலுக்கு காசு வாங்கிட்டு, பாக்ஸை வண்டியிலிருந்து கழட்டாமலே திருப்பிக் கொடுத்திருக்காங்க. காசு போனதை விட, அதை மறைக்க அவங்க பண்ணின வேலைதான் இன்னும் ஆத்திரமா இருக்கு, அதுக்கு வர்றேன்.

வண்டி மெர்சிடிஸ் 300டி, டபிள்யூ123 பாடி, அஞ்சு சிலிண்டர் டீசல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். ரெண்டுலருந்து மூணு விழும்போது பின்னாடி யாரோ வந்து இடிச்ச மாதிரி ஒரு குத்து, மெதுவா மிதிச்சாலும் குத்து. அதே சமயத்துல சாவியைத் திருப்பி கையில எடுத்த பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், கொஞ்சம் கழிச்சு அதுவா அடங்கும், சில நாள் அடங்கவே அடங்காது, பானெட்டைத் திறந்து ஸ்டாப்னு எழுதியிருக்கற லீவரை அமுக்கினாத்தான் நிக்கும். ட்ரைவர் கதவைப் பூட்டினா மத்த கதவும் சேர்ந்து பூட்டிக்கணும், அதுல பின்பக்கம் ஒரு கதவு மட்டும் அசையாது.

இந்த மூணையும் ஒண்ணா வச்சு சொன்னேன். கடைக்காரர் என் கண்ணு முன்னாடியே அந்த ஸ்டாப் லீவரை அமுக்கி இன்ஜினை நிறுத்தினார், நிறுத்திட்டு "அது வேற சார், இது கியர்பாக்ஸ்"னார்.

வேற எல்லாம் இல்லீங்க, மூணும் ஒரே விஷயம்தான். பெட்ரோல் வண்டியில வேக்யூம், அதாவது காத்தை உறிஞ்சற இழுப்பு, இன்ஜினுக்கு காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுலயே கிடைச்சிடும். இந்த டீசல்ல காத்தை மறிக்கற த்ராட்டில் தட்டு கிடையாது, அதனால தனியா ஒரு வேக்யூம் பம்ப். பிரேக் பூஸ்டர், இன்ஜினை நிறுத்தற வால்வு, கதவுப் பூட்டு, கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருந்து உள்ள ஆயில் பிரஷரை ஏத்தி இறக்கற மாடுலேட்டர், நாலுக்கும் அந்த ஒரே பம்புதான். லேசா மிதிக்கும்போது மாடுலேட்டருக்கு நல்ல வேக்யூம் போகும், உள்ள பிரஷர் குறையும், கியர் பூப்போல விழும். முழுசா மிதிச்சா வேக்யூம் போயிடும், பிரஷர் ஏறும், கிளட்ச் பிளேட் இறுக்கிப் பிடிக்கும். எங்கயோ லீக் இருந்தா? லேசா மிதிச்சாலும் "இவன் முழுசா மிதிக்கறான்"னு கியர்பாக்ஸ் நினைச்சுக்கும், ஒவ்வொரு கியரும் குத்திக்கிட்டே விழும். கூடவே இன்ஜின் நிக்காம, கதவும் பூட்டாம இருந்தா முதல்ல பார்க்க வேண்டியது ரப்பர் டியூபைத்தான், கியர்பாக்ஸை இல்ல.

அவர் பார்த்தது ஆயில். அதையும் எப்படி? ராத்திரி பூரா நின்ன வண்டி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் கூட ஆகல, டிப்ஸ்டிக்கை உருவி "லெவல் ரொம்ப கம்மி"ன்னு ஊத்த ஆரம்பிச்சுட்டார். இந்த பாக்ஸ்ல நல்லா ஓட்டி சூடான பிறகு, பார்க்ல போட்டு, இன்ஜின் ஐடில்ல ஓடும்போது பார்க்கற லெவல்தான் கணக்கு. குளிர்ல கம்மியாத்தான் காட்டும். அதை நம்பி ஊத்தினா சூடானதும் அளவு மீறி, உள்ள சுத்தற பாகங்கள் ஆயிலை அடிச்சு நுரையாக்கிடும், நுரை வந்தா கியர் வழுக்கும். (எல்லா வண்டிக்கும் இதே முறைன்னு நினைக்காதீங்க. கிரைஸ்லரோட பழைய டார்க்ஃப்ளைட்ல நியூட்ரல்ல வச்சுப் பார்க்கணும், ஹோண்டாவுல இன்ஜினை நிறுத்திட்டுப் பார்க்கணும். மேனுவலைப் பாருங்க.) அப்புறம் கியர்பாக்ஸ் அடியில இருக்கற ஆயில் பேனைக் கழட்டி அடியில படிஞ்சிருந்த சாம்பல் கலர் வண்டலை விரல்ல தொட்டுக் காட்டி "பாருங்க, இரும்பு தேயுது". இத்தனை வருஷம் ஓடின பாக்ஸ்ல மெல்லிசா அப்படி இருக்கறது சகஜம். ஆயில் சிவப்பாத்தான் இருந்துச்சு, கருகின வாடையும் இல்ல, அதைப் பத்தி மனுஷன் வாயே திறக்கல.

வண்டி திரும்பி வந்தப்ப குத்து இல்லாம ஸ்மூத்தா இருந்துச்சு. ஆனா இன்ஜின் மட்டும் பழையபடி நிக்க மாட்டேங்குது. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா மூணாவது விழுறதுக்கு முன்னாடி ஆர்பிஎம் சும்மா ஏறிட்டு அப்புறம் பிடிக்குது. சந்தேகம் வந்து பழைய டீசல் மட்டுமே பார்க்கற வேற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்ச உடனே சிரிச்சுட்டார்.

கியர்பாக்ஸ் பளபளன்னு சில்வர் கலர். அதே சில்வர் மேல டனல் தகரத்துலயும் (கியர்பாக்ஸுக்கு மேல இருக்கற பாடி தகரம்), எக்ஸாஸ்ட் பைப்லயும், பின்னாடி ரப்பர் மவுன்ட்லயும் தூவி இருக்கு. கியர்பாக்ஸை இன்ஜினோட சேர்க்கற பெல் ஹவுசிங் போல்ட் தலை ஒவ்வொண்ணுலயும் பெயின்ட் விரிசலே இல்லாம மூடியிருக்கு, ஸ்பேனர் பட்ட தடம் ஒண்ணு கூட இல்ல. பாக்ஸை இறக்கணும்னா கழட்டியே ஆகவேண்டிய ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்ல பழைய மண்ணு அப்படியே காஞ்சு ஒட்டிட்டிருக்கு. வெளிய எடுத்து பெயின்ட் அடிச்சு மாட்டியிருந்தா டனல்ல எப்படிப்பா சில்வர் வரும்?

அப்போ குத்து எப்படி போச்சு? மாடுலேட்டர் மூடியைக் கழட்டினா உள்ள திருகற மாதிரி ஒரு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு. அதைத் திருகி பிரஷரை இறக்கி விட்டிருக்காங்க. லீக் அப்படியே இருக்க, குத்து மட்டும் மறைஞ்சிடும். ஆனா அழுத்தி மிதிக்கும்போது தேவைப்படற பிரஷரும் கிடைக்காது, பிளேட் வழுக்கும், அப்படியே ஓட்டினா நல்ல பிளேட்டும் கருகி நிஜமாவே ஓவர்ஹாலுக்கு வந்து நிக்கும். ஆத்திரம்னு சொன்னது இதைத்தான்.

பெரியவர் மெயின் வேக்யூம் லைன்ல இருந்து பிரியற கிளை டியூப் ஒவ்வொண்ணா கழட்டி அடைச்சுப் பார்த்தார். கதவுப் பூட்டுக்குப் போற லைனை அடைச்ச உடனே சாவியைத் திருப்பினா இன்ஜின் டக்குனு நின்னுச்சு. பின் கதவுக்குள்ள பூட்டை அசைக்கற ஆக்சுவேட்டர்ல ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிசான சவ்வு) கிழிஞ்சிருந்துச்சு, உள்ளங்கையில அடங்கற சாமான். அதை மாத்தி, மாடுலேட்டர் வேக்யூம் பிடிக்குதான்னு கை பம்ப் வச்சு டெஸ்ட் பண்ணி, அதோட டியூபையும் உருவி உள்ள ஆயில் இருக்கான்னு பார்த்தார், இருந்திருந்தா மாடுலேட்டர் டயாஃப்ரமே கிழிஞ்சிருக்குன்னு அர்த்தமாம், நல்லவேளை காஞ்சு கிடந்துச்சு. கடைசியில கேஜ் மாட்டி பிரஷரை சரியான அளவுக்கு ஏத்தினார். குத்தும் இல்ல, வழுக்கலும் இல்ல.

பழைய கடையில போய்க் கேட்டா "வேலை செஞ்ச பையன் நின்னுட்டான் சார்". மாத்தின பிளேட் எங்கன்னா "ஸ்க்ராப்ல போட்டாச்சு". பில்லுல "கியர்பாக்ஸ் ஓவர்ஹால்"னு ஒரே வரி, பார்ட் நம்பர் ஒண்ணு கூட இல்ல. லிஃப்ட்ல எடுத்த போட்டோவோட எழுத்துல புகார் கொடுத்திருக்கேன், அது நடக்கறதால கடை பேரை இப்ப போட மாட்டேன். சமீபத்துல ஓவர்ஹால் பண்ணின வண்டி யார்கிட்ட இருந்தாலும் ஒரு தடவை அடியில டார்ச் அடிச்சு டனலையும் பெல் ஹவுசிங் போல்ட்டையும் பாருங்க. இனிமே விடப் போறவங்க, விடறதுக்கு முன்னாடியே அந்த போல்ட்ல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சு போட்டோ எடுத்துட்டு விடுங்க, போல்ட்டைத் திருகினா அது உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்.