புகாராவும் இந்தியன் ஆக்சென்ட்டும்: தில்லியில் ஒரு விருந்துக்கு எது?

தில்லிக்குச் செல்பவர்கள் ஒரே ஓர் இரவை நல்ல உணவகத்துக்கென ஒதுக்க நினைத்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று, ஐடிசி மௌரியா விடுதியில் 1970களின் இறுதியிலிருந்து இயங்கிவரும் புகாரா. மற்றொன்று, 2009இல் மேனர் விடுதியில் தொடங்கி, 2017இல் லோதி விடுதிக்கு இடம்பெயர்ந்த இந்தியன் ஆக்சென்ட். இரண்டும் சர்வதேசப் பட்டியல்களில் இடம்பிடித்தவை. இரண்டிலும் செலவு அதிகம். ஆயினும் சமையல் என்றால் என்ன என்பதிலேயே இவ்விரண்டும் வேறுபடுகின்றன.

புகாராவின் உணவுப் பட்டியல் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. வடமேற்கு எல்லைப்புறத்தின் தந்தூர் சமையல்தான் அங்கே எல்லாம். கரடுமுரடான கற்சுவர், தாழ்வான இருக்கைகள், கண்ணாடிக்கு அப்பால் கம்பிகளில் இறைச்சி கோத்து அடுப்பில் இறக்கும் சமையற்காரர்கள் என்று இடமே அதற்கேற்ப அமைந்திருக்கிறது. கரண்டி, முள்கரண்டி வைப்பதில்லை; கழுத்தில் கட்டம்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கையால் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இது புதுமையன்று, நிம்மதி.

அங்கே சிக்கந்தரி ரான் என்னும் ஆட்டுத்தொடைக்குப் பெரிய பெயர் உண்டு. என்றாலும் அந்த உணவகத்தை எடைபோட வேண்டிய பண்டம் தால் புகாராதான் என்பது என் கருத்து. தோல் நீக்காத முழுக் கறுப்பு உளுந்து, தக்காளி, இஞ்சி, பூண்டு, வெண்ணெய், பாலேடு ஆகியவை மட்டுமே அதன் அடிப்படை. தந்தூரின் தணிந்த கரிச்சூட்டில் இரவு முழுவதும், ஏறத்தாழ 18 மணி நேரம், அது வேகிறது. அரைத்தால் மாவாகவும் தாளித்தால் வாசமாகவும் நாம் அறிந்த அதே உளுந்து, அங்கே மணிமணியாகத் தெரிந்தும் நாக்கில் பட்டதும் குழைந்துவிடுகிறது. இந்தப் பக்குவத்தை நெருப்பும் பொறுமையும் அன்றி வேறெதுவும் தராது. அதை நாள்தோறும் பல பத்தாண்டுகளாகத் தவறாமல் செய்வதை நான் பெரும் கலையாகவே மதிக்கிறேன்.

இந்தியன் ஆக்சென்ட்டை உருவாக்கிய மணீஷ் மெஹ்ரோத்ரா எதிர்த்திசையில் நடந்தார். தெருவிலும் வீட்டிலும் உள்ள பழகிய சுவையை எடுத்து, வேறொரு நாட்டுப் பொருளோடு சேர்த்துப் பார்ப்பது அவர் முறை. முதலில் வரும் உள்ளங்கைக்கும் சிறிய நான் ரொட்டிக்குள், நீலப் பூஞ்சை படரவிட்ட பாலாடைக்கட்டியான புளூ சீஸ் இருக்கும். அந்தக் காரமான நெடியை ரொட்டியின் கரிவாசம் தாங்கிக்கொள்கிறது. பன்றி விலா எலும்பில் இனிப்பு மாங்காய் ஊறுகாயின் சுவை ஏறியிருக்கும். பழைய தில்லியின் குளிர்காலக் காலைகளில் தெருவில் விற்கும் பால்நுரை இனிப்பான தௌலத் கி சாட், இங்கே போலி ரூபாய் நோட்டுகள் சூழ மேசைக்கு வருகிறது. தௌலத் என்றால் செல்வம். பெயரறிந்தவருக்கு அந்தக் குறும்பு புரியும். குங்குமப்பூ மணக்கும் அந்த நுரை வாயில் வைத்த கணமே கரைந்துபோகும். எல்லாச் சேர்க்கையும் இவ்வளவு பொருந்தும் என்று சொல்லமாட்டேன். புளூ சீஸ் பிடிக்காதவருக்கு அந்த ரொட்டி தொடக்கத்திலேயே தடையாகலாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு இந்தியன் ஆக்சென்ட்டே மேல், ஏனெனில் சிறு தட்டுகளாக வரிசையாக வரும் முழு விருந்தையும் அவர்களுக்கெனத் தனியாக அமைக்கிறார்கள். புகாராவில் தாலும் பனீரும் உருளைக்கிழங்கும் சிறப்பாக இருந்தாலும், பட்டியலின் உயிர் இறைச்சியில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். புகாரா எந்தத் தனிமனிதரின் பெயரிலும் நிற்கவில்லை. செய்முறையே அங்கே முதலாளி. இந்தியன் ஆக்சென்ட்டோ மணீஷ் மெஹ்ரோத்ராவின் கற்பனையால் எழுந்தது. அவர் 2024இல் விலகிவிட்டார். பொறுப்பேற்ற சாந்தனு மெஹ்ரோத்ரா அதே சமையலறையில் நெடுங்காலம் இருந்தவர் என்பதால் பழைய தட்டுகளின் தரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அடுத்து வரும் புதிய தட்டுகள்தான் அந்த உணவகத்தின் உண்மையான சோதனை.

நான்கைந்து பேராகப் போனால் புகாராவையே சொல்வேன். அங்குள்ள பெரிய நான் ரொட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்து, ஒரே கிண்ணத்துத் தாலில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இருவர் மட்டும் என்றால், ஒவ்வொரு தட்டையும் நிதானமாகப் பேசிப் பேசி உண்ண இந்தியன் ஆக்சென்ட்டுக்குப் போகலாம்.