மோட்டார்ஹோமில் ஆல்ப்ஸ்: மதுரை முகவரின் ஏற்பாடு எப்படி?

மதுரை கே.கே. நகரில் உள்ள பயண முகவர் ஒருவர் வழியாக, ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் சுற்றிப்பார்க்க மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள நடமாடும் வீடு போன்ற வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மொத்த எடை 3.5 டன்னுக்கு மிகாத வண்டி என்பதால், நம் கார் உரிமமும் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் போதுமானவையாக இருந்தன. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேஸ் அடுப்பில் அம்மா ரசம் தாளித்தபோதுகூட, கூரைச் சன்னலைத் திறந்ததுமே நெடி வெளியேறிவிட்டது.

1935இல் திறக்கப்பட்ட குரோஸ்குளோக்னர் மலைச்சாலை 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவருக்கு வளைவுகள் புதிதல்ல. ஆனால் இவ்வளவு கனமான வண்டியை இறக்கத்தில் பிரேக்கை நம்பி விடாமல், தாழ்ந்த கியரில் இறக்க வேண்டும் என்பதைச் சாவி கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மலைச்சாலைக்குத் தனிக் கட்டணம், விரைவுச்சாலைகளுக்கு விக்னெட் எனப்படும் கட்டண வில்லை ஆகியவற்றைப் பற்றியும் முகவரின் மதிப்பீட்டில் ஒரு வரி இல்லை. வண்டியின் கழிவுநீர்த் தொட்டியை, இத்தகைய வண்டிகள் தங்கும் முகாம்களில் அதற்கென உள்ள இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை ஊரிலேயே பேசி முடித்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது. பனிக்காலத்தில் இச்சாலை மூடப்படுவதால், நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறைக்கு இந்தப் பயணம் ஒத்துவராது.