ஏபிபி மேசைக்கு எந்த பேர் ஆக்ட்? கூடவே இரண்டு செயலிகள்

ஏபிபி (அரசு உதவி வழக்கு நடத்துநர்) தேர்வுக்குப் படிப்பவரும், தேர்வாகி முதன்முதலாக ஒரு நடுவர் மன்றத்தில் போய் உட்காரப் போகிறவரும் பாளையங்கோட்டையில் சட்டப் புத்தகக் கடைக்குப் போனால் கேட்பது ஒன்றைத்தான்: மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் ஒரே கட்டாக வரும் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டப் பாடம் மட்டும் உள்ள புத்தகம். பி.என்.எஸ். (குற்றமும் தண்டனையும்; பழைய இந்திய தண்டனைச் சட்டமான இ.த.ச.-வுக்குப் பதில்), பி.என்.எஸ்.எஸ். (நடைமுறை; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில்), பி.எஸ்.ஏ. (சாட்சியம்; பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில்) மூன்றும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் பல பதிப்பகங்கள் இதைப் போட்டிருக்கின்றன. அட்டை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளடக்கம் அப்படி இல்லை. இங்கே மதிப்பிடுவது அந்தத் தொகுப்பை. அதோடு சேர்த்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சங்கலன் செயலியையும் உச்ச நீதிமன்ற இ-கமிட்டியின் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியையும் பார்க்கலாம். மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றே. கையில் இருக்கும் வழக்குக் கட்டுக்கு எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அடுத்து என்ன நிலை என்பதைத் தப்பில்லாமல் காட்டுகிறதா?

வேலையைத் தெரியாமல் கருவியை எடைபோட முடியாது. அரசு உதவி வழக்கு நடத்துநர் நிலை-II என்பது டிஎன்பிஎஸ்சி வழியாக வரும் நிரந்தரப் பணி. செஷன்ஸ் நீதிமன்றத்துப் பி.பி. என்னும் அரசு வழக்கு நடத்துநரைப் போல அரசு அவ்வப்போது வழக்கறிஞர்களிலிருந்து நியமிக்கும் பொறுப்பு அல்ல. சட்டப் பட்டம் மட்டும் போதாது. குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது ஐந்து ஆண்டு வாதாடியிருக்க வேண்டும், தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும். ஆகவே பட்டம் வாங்கிய முதல் ஆண்டிலிருந்தே ஆஜரான வழக்குகளின் எண், நீதிமன்றம், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுபவச் சான்று வாங்கும்போது அந்த நோட்டு இல்லாமல் அலைபவர்கள் உண்டு. முதல்நிலைத் தேர்வு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை, முதன்மைத் தேர்வு எழுதும் முறை. பொறுப்பேற்றபின் பி.என்.எஸ்.எஸ். 19-ஆம் பிரிவின்படி நடுவர் மன்றங்களில் அரசுத் தரப்பை நடத்துவதுதான் வேலை. அடிதடி, திருட்டு, சாலை விபத்து, மணல் கடத்தல், கள்ளச்சாராயம், குடும்ப வன்முறை என்று எல்லாம் ஒரே மேசையில் வந்து விழும்.

இனி பேர் ஆக்ட். கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். முதலில் பி.என்.எஸ். 106-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அதன் 2-ஆம் உட்பிரிவு, விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை தண்டனை என்கிறது. ஆனால் 2024 ஜூலை 1-இல் மற்றவை நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வரவில்லை. அதை அடிக்குறிப்பில் சொல்லாத பதிப்பை அந்த இடத்திலேயே மூடி வையுங்கள். அந்தக் குறிப்பைக்கூடப் போடாதவர், வேறு எதைச் சரிபார்த்திருப்பார்?

அடுத்து பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணை முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். எது பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்கது, எது ஜாமீனில் விடத்தக்கது, எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதெல்லாம் அதில்தான். பி.என்.எஸ். 303(2) திருட்டுக்கு நேரே இரண்டு வரி இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளென்றால் பிடியாணை இன்றிக் கைது செய்ய முடியாது, ஜாமீனில் விடத்தக்கது. அதற்கு மேல் போனால் நிலைமை மாறிவிடும். திருட்டுக்கான பழைய இ.த.ச. 379-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவர் ஜாமீன் மனுவில் தடுமாறும் இடம் இது. சைக்கிள், செல்போன், கோழி என்று சின்னத் திருட்டு வழக்குகள் எந்த நடுவர் மன்றத்துக்கும் வரும். அதில் சொத்தின் மதிப்பு மகஜரில் (போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பதிவில்) எழுதப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

மூன்றாவது, பி.எஸ்.ஏ.-வின் கடைசிப் பக்கம். 63(4)-இன்படி மின்னணு ஆவணத்துக்குத் தரவேண்டிய சான்றின் படிவம் அட்டவணையில் ஏ, பி என இரு பகுதியாக இருக்கிறது. ஏ பகுதியை ஆவணத்தைத் தருபவர் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) எழுதும் இடம் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றில் இப்படி இரட்டைப் பகுதி கிடையாது. வண்ணார்பேட்டைக் கடை ஒன்றின் சிசிடிவி பதிவைப் போலீஸ் பென்டிரைவில் கொண்டுவந்து, ஒற்றைத் தாள் சான்றோடு சார்ஜ் ஷீட்டில் சேர்த்திருந்தால் அதைத் திருத்தி வாங்க வேண்டியவர் ஏபிபி. அட்டவணையை விட்டுவிட்டுப் பிரிவுகளை மட்டும் அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் இதற்கு உதவவே உதவா.

பழைய பிரிவு எண்ணையும் புதிய எண்ணையும் நேருக்கு நேர் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாத தொகுப்பே இப்போது இல்லை. ஆனால் பட்டியல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனியுங்கள். பழையதிலிருந்து புதியதற்கு மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். தீர்ப்புகள் ஏறத்தாழ எல்லாமே பழைய எண்களில்தான் கிடக்கின்றன. பி.என்.எஸ்.எஸ். 348-இன்படி சாட்சியை மீண்டும் அழைக்க மனுப் போடுபவர் பழைய நடைமுறைச் சட்டத்தின் 311 என்று தேடினால்தான் முன்தீர்ப்பு கிடைக்கும். அதேபோல 351-க்கு 313, 360-க்கு 321, பி.எஸ்.ஏ. 157-க்கு பழைய 154. புதியதிலிருந்து பழையதற்கும் பட்டியல் இருக்கும் பதிப்பே வேண்டும்.

இந்தப் பட்டியல்தான் புதியவரை மிக எளிதாக ஏமாற்றுவதும். எண்ணுக்கு நேர் எண் போட்டிருந்தால் உள்ளே உள்ளதும் அதேதான் என்று தோன்றும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான இ.த.ச. 304ஏ-க்கு நேரே பி.என்.எஸ். 106(1) என்று இருக்கும், எண் சரி. ஆனால் பழைய பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, புதியதில் ஐந்து ஆண்டு. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தது என்றால் மட்டும் இரண்டு. இரண்டு ஆண்டைத் தாண்டினால் அது வாரண்ட் வழக்கு, தாண்டாவிட்டால் சம்மன் வழக்கு; இரண்டுக்கும் விசாரணை முறை வேறு. அதாவது நான்கு வழிச்சாலையில் லாரி மோதி ஒருவர் இறந்த வழக்கு, 2024 ஜூனில் நடந்திருந்தால் சம்மன் வழக்கு. ஜூலையில் நடந்திருந்தால் நகல்கள் கொடுத்து, விடுவிப்பு மனுவுக்கு இடம் கொடுத்து, பி.என்.எஸ்.எஸ். 263-இல் குற்றச்சாட்டு வனைய வேண்டிய வழக்கு. காலவரம்பும் மாறிவிடுகிறது. மூன்று ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் பி.என்.எஸ்.எஸ். 514-ஆம் பிரிவு வரம்பு வைக்கிறது. ஐந்து ஆண்டுக் குற்றத்துக்கு அந்தத் தடை இல்லை. இதையெல்லாம் எந்தப் பட்டியலும் சொல்லாது.

கொடுங்காயம் இன்னொன்று. பழைய இ.த.ச. 320-இன் எட்டாவது வகையில் இருபது நாள் கடும் வலி அல்லது வழக்கமான வேலை செய்ய முடியாமை என்று இருந்தது. பி.என்.எஸ். 116-இல் அது பதினைந்து நாள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் காயச் சான்றும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் எலும்பு முறிவு இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் பதினேழு நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்று காயம்பட்டவர் சொல்லி, அதற்கு மருத்துவ ஆதாரமும் இருந்தால், சம்பவத் தேதியைப் பொறுத்து அது 115(2) காயமாக நிற்காமல் 117(2) கொடுங்காயமாக மாறும். கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமை பற்றிய இ.த.ச. 498ஏ-யில் வேறு வகைக் குழப்பம். தண்டனை 85-லும் கொடுமை என்பதன் வரையறை 86-லும் பிரிந்து கிடக்கின்றன. பட்டியலில் 85 மட்டும் போட்டிருந்தால் பென்சிலால் 86-ஐச் சேர்த்துவிடுங்கள்.

எந்தக் கட்டுக்கு எது என்பதை மூன்று சட்டங்களின் கடைசிப் பிரிவுகளே சொல்லிவிடுகின்றன: பி.என்.எஸ். 358, பி.என்.எஸ்.எஸ். 531, பி.எஸ்.ஏ. 170. குற்றம் எது, தண்டனை என்ன என்பதற்குச் சம்பவத் தேதியைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த புலனாய்வும் விசாரணையும் பழைய நடைமுறையிலேயே தொடரும். இதனால் ஒரே காலையில் முதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரும் ஆவண நகலைப் பழைய 207-இலும், அடுத்த வழக்கில் அதையே புதிய 230-இலும் பேச வேண்டியிருக்கும். சம்பவம் ஜூலைக்கு முன்பு நடந்து, எஃப்ஐஆர் ஜூலைக்குப் பின் பதிவானால், இ.த.ச. பிரிவுகளோடு பி.என்.எஸ்.எஸ். நடைமுறை சேரும் கலவையும் வரும். எனவே பழைய மூன்று சட்டங்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுத் தொகுப்பு மட்டும் போதும் என்று கடைக்காரர் சொன்னால், தேர்வுக்கு வேண்டுமானால் சரி, நீதிமன்றத்துக்குப் போதாது.

அச்சு பற்றி இரண்டு சொல். பாக்கெட் அளவு பயணத்துக்கு நல்லது, மேசைக்கு ஆகாது. ஓரத்தில் எழுத இடமே இருக்காது. 358, 531, 170 பிரிவுகள் கொண்ட மூன்று சட்டங்களை ஒரே கட்டாகப் பசையில் ஒட்டியிருந்தால், தினமும் புரட்டுகிறவர் கையில் முதுகு விரிந்து, கடைசியில் இருக்கும் பி.எஸ்.ஏ. முதலில் கழன்றுவிடும். தைத்த கட்டு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். இருமொழிப் பதிப்பு இங்கே உண்மையிலேயே பயன்படும். சாட்சியம் பதிவாவது தமிழில், சாட்சியைக் கேட்பதும் தமிழில். ஆனால் வாதத்தில் ஒரு சொல்லுக்கு ஐயம் வந்தால் ஆங்கிலப் பாடத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும். தமிழ் மட்டும் உள்ள பதிப்பு படித்துப் புரிந்துகொள்ள உதவும். மேசையில் தனியாக நிற்காது.

சங்கலன் செயலி இலவசம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும் என்பதே அதன் பெரிய பலம். பழைய பிரிவையும் புதிய பிரிவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நடுவர் எழுப்பிய கேள்விக்கு எழுந்து நின்றபடியே விடை தேட, புத்தகத்தைவிட இதுவே வேகம். ஆனால் இது அந்த மத்தியச் சட்டங்களுக்கான கருவி. நம் ஊர் சார்ஜ் ஷீட்டுகளில் அடிக்கடி சேர்ந்து வரும் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம், 1992-ஆம் ஆண்டுப் பொதுச்சொத்துச் சேதத் தடைச் சட்டம், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் ஆகியவற்றைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். தாமிரபரணி மணல் வழக்குகளுக்கு 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் கையில் வேண்டும்.

இ-கோர்ட்ஸ் செயலியைப் பெரும்பாலான இளம் வழக்கறிஞர்கள் தங்கள் பெயரைப் போட்டுத் தேடுவதற்குத்தான் பழகியிருப்பார்கள். ஏபிபி ஆனபின் அந்த வழி பயன்படாது; அந்த நீதிமன்றத்தின் அரசு வழக்குகள் அத்தனையும் அவருடையவை. எஃப்ஐஆர் எண் வழித் தேடலே இங்கே கைகொடுக்கும். நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்து, காவல் நிலையம், எண், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் போதும். பெயர் வழித் தேடல் நம் பக்கத்துப் பெயர்களுக்குச் சிக்கல். இசக்கிமுத்து என்பதை ஒரு நிலையத்தில் ஆங்கில ‘ஈ’ எழுத்திலும், இன்னொன்றில் ‘ஐ’ எழுத்திலும் தொடங்கியிருப்பார்கள். சுடலைமுத்து ஒரே சொல்லாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். வழக்கு ஒருமுறை கிடைத்துவிட்டால் அதன் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (அந்த வழக்குக்கே உரிய அடையாள எண்ணை)க் கட்டின் மேல் அட்டையில் எழுதிவிடுங்கள். பிறகு தேடவே வேண்டாம்.

முந்தின நாள் மாலையே இந்தச் செயலியின் காஸ் லிஸ்டில் (மறுநாள் வழக்குகளின் பட்டியலில்) குற்றவியல் பட்டியலைத் திறந்து, சாட்சி விசாரணைக்கு இருக்கும் வழக்குகளைத் தனியே குறித்துக்கொண்டு, எந்தச் சாட்சிக்குச் சம்மன் சார்வு ஆனது என்று கோர்ட் ஏட்டிடம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். காலையில் கேட்டால் சாட்சி வரவில்லை என்ற பதிலும் ஒரு வாய்தாவும் (ஒத்திவைப்பும்)தான் மிஞ்சும். பி.என்.எஸ்.எஸ். 346-இல் ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதை அரசுத் தரப்பே வீணாக்கக் கூடாது.

இ-கோர்ட்ஸ் செயலியின் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாய்தாத் தேதியை ஏற்றுபவர்கள் நீதிமன்ற ஊழியர்கள். வேலைப் பளு கூடிய நாளில் அது உடனே மாறாது. ஆகவே செயலித் தேதியும் டைரித் தேதியும் வேறானால் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ‘என் வழக்குகள்’ பட்டியலில் சேர்த்தவை அந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. பேக்கப் எடுக்காமல் கைபேசியை மாற்றினால் எல்லாம் போய்விடும். மாதம் ஒருமுறையாவது எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

சட்டம் வைத்த கெடுக்களை எந்தச் செயலியும் எண்ணித் தராது. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆஜரானதிலிருந்து 14 நாளுக்குள் நகல், நகல் கொடுத்ததிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு, ஆவணங்களின் உண்மைத்தன்மையை ஒப்புக்கொள்ள அல்லது மறுக்க பி.என்.எஸ்.எஸ். 330-இன்படி 30 நாள். இவற்றுக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, கட்டு எண், சம்பவத் தேதி, எஃப்ஐஆர் தேதி, நகல் தேதி, விடுவிப்புக் கெடு, ஆவணக் கெடு என்று ஆறு கோடு போட்டுக்கொள்வதே வழி. சம்பவத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.