எஸ்எம்பிஎஸ் சத்தம் போட்டால் எல்சிடி டெஸ்டர் உதவுமா?

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, 24 பின் சாக்கெட்டும் ஒரு சின்னத் திரையுமாக வரும் எல்சிடி பவர் சப்ளை டெஸ்டர்கள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். 16ஆம் பின்னில் இருக்கும் பச்சை வயரை கிரவுண்டோடு சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யும், வோல்டேஜைக் காட்டும், எல்லை மீறினால் பீப் அடிக்கும். செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடிக்க நல்ல கருவி. சத்தம் போடுகிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாங்கினால் பாதிக் கிணறுதான் தாண்டலாம்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடலாம். எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு டெஸ்டரை மட்டும் மாட்டினால், கேபினட் ஃபேன், ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் ஓடாது. அப்போதும் கரகரவென்று கேட்டால் அது எஸ்எம்பிஎஸ் ஃபேனின் பேரிங்தான். கிடையாகப் படுத்திருக்கும் ஃபேனில் ஸ்லீவ் பேரிங் (குண்டுகள் இல்லாத சாதாரண வகை) சீக்கிரம் தேயும். காலையில் ஆன் செய்ததும் கத்திவிட்டு, சூடான பிறகு அடங்கும் சத்தம் அதன் முதல் அறிகுறி. சீரான இடைவெளியில் டிக் டிக்கென்று இறக்கையில் எதுவோ உரசினால், உள்ளே ஒரு வயரோ கிரில்லோ இடிக்கிறது. லோடு (இழுக்கப்படும் மின்சாரம்) குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்திவைக்கும் மாடல்களில் இந்தச் சோதனை பலிக்காது. பின்பக்கம் அதற்கென்று ஸ்விட்ச் இருந்தால், ஃபேன் எப்போதும் ஓடும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள்.

ஆன் செய்யும்போது ஒரு க்ளிக், ஆஃப் செய்யும்போது ஒரு க்ளிக் கேட்டால் பயம் வேண்டாம், உள்ளிருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அது. ஃபேன் லேசாக அசைந்து நின்று, க்ளிக், மறுபடி அசைந்து நின்று என்று தொடர்ந்தால் எங்கோ ஷார்ட் ஆகிப் பாதுகாப்புச் சுற்று வெட்டிக்கொண்டே இருக்கிறது. டெஸ்டரில் மட்டும் ஒழுங்காக ஓடி, மதர்போர்டில் மாட்டினால் இப்படிச் செய்தால் பெரும்பாலும் குற்றம் வெளியில்.

இனி டெஸ்டர் கைவிடும் இடம். கொய்ங் என்ற காயில் வைன், அதாவது கம்பிச் சுருள் அதிர்வதால் வரும் சத்தம், பெரும்பாலும் லோடு ஏறினால்தான் வரும். டெஸ்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. அதனால் சத்தமே இல்லாமல், திரையில் 12.1, 5.0, 3.3 என்று அழகாகக் காட்டும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் நிரபராதி என்று முடிவு கட்டக்கூடாது. இதற்குச் செலவே இல்லாத வழி உண்டு: ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து, கேம் ஓடும்போது மறுமுனையை எஸ்எம்பிஎஸ் கிரில்லுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மாறி மாறிக் கொண்டுபோங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் பழி விழும் கொய்ங் பல நேரம் கார்டிலிருந்துதான் வருகிறது. ஃபிரேம் ரேட்டை 60க்குக் கட்டிப்போட்டால் சத்தம் குறையும். ஆனால் எஸ்எம்பிஎஸ், கார்டு இரண்டின் லோடும் சேர்ந்தே குறைவதால், எது என்று சொல்ல அது மட்டும் போதாது. எதுவானாலும் காயில் வைன் எரிச்சல்தானே தவிர ஆபத்தில்லை.

வோல்டேஜில் வேகமாக வந்துபோகும் சின்ன ஏற்ற இறக்கமான ரிப்பிளையும் டெஸ்டர் காட்டாது. 5 வோல்ட் லைனில் ஏடிஎக்ஸ் (கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான தரநிலை) விதி அனுமதிக்கும் ரிப்பிள் 50 மில்லிவோல்ட். திரையோ 0.1 வோல்ட் படிகளில் காட்டுகிறது, அதுவும் சராசரியை. ஷட் டவுன் செய்த பிறகும் கீச்கீச்சென்று வரும் சத்தத்தில் இதுதான் சிக்கல். ஆஃப் செய்த பிறகும் ஓடும் ஸ்டாண்ட்பை சுற்றில் கெபாசிட்டர் வறண்டுபோயிருந்தாலும் டெஸ்டர் 5.0 என்றே சொல்லலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கீச்சு புதிதாக வந்து, கூடவே ஆன் ஆக அடம்பிடித்தால், திரையை நம்பாமல் மாற்றிவிடுவதே மேல்.

திரையில் வரும் பிஜி (பவர் குட்) எண்ணைக் கவனியுங்கள், பலர் அதைப் பார்ப்பதில்லை. வோல்டேஜ் ஏறிய பிறகு ‘எல்லாம் சரி’ என்று சிக்னல் தர எஸ்எம்பிஎஸ் எடுக்கும் நேரம் அது. 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும்.

டெஸ்டரின் பெரிய குறை சாக்கெட் அமைப்பு. சிபியு 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டு 8 பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இருக்கும் வரிசை தலைகீழ். இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தி மாட்டினால் ஷார்ட்தான். 10 பின் மட்டும் கொண்ட, 12 வோல்ட் மட்டுமே தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 24 பின் டெஸ்டர் பொருந்தவே பொருந்தாது.

உர்ரென்ற ரீங்காரம் யுபிஎஸ்ஸில் ஓடும்போது மட்டும் கேட்டால், யுபிஎஸ் தருவது சுவர் மின்சாரம்போல வழுவழுப்பான அலை, அதாவது சுத்தமான சைன் வேவ்தானா என்று பாருங்கள். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டியதும் அடங்கினால் விஷயம் முடிந்தது. சடசடவென்ற பொறி சத்தமோ கருகல் வாடையோ வந்தால் டெஸ்டரை எடுக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஃபேன்தான் என்று உறுதியானாலும் மூடியைத் திறக்க அவசரம் வேண்டாம். உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 400 வோல்ட் வரை இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் மின்சாரம் தங்கும். திறந்தால் வாரண்டியும் போகும். வாரண்டி இருந்தால் அதில் கொடுங்கள். இல்லையென்றால், கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, அதே அளவு, அதே 12 வோல்ட், அதே வேகத்தில் ஃபேன் போடச் சொல்லுங்கள். பல எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபேன் வயர் போர்டில் நேராகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும், வெட்டி ஒட்ட வேண்டி வரும்.