தெர்மாகோல் பாறைச் சுவருக்குக் கறுப்பு சிலிகான்: பிடிக்குமா?

மீன் தொட்டிக்குள் தெர்மாகோலில் பாறைச் சுவர் செதுக்குபவர்களுக்குச் மேலே பூசும் சிமென்டைவிட முக்கியம், அதைக் கண்ணாடியில் ஒட்டும் இந்தக் கறுப்பு சிலிகான் பசைதான். தெர்மாகோல் மிதக்கத் துடிக்கும். ஒட்டு தளர்ந்தால் தண்ணீர் ஊற்றியதும் சுவரே பெயர்ந்து மேலே வந்துவிடும். கண்ணாடியில் ஈரமோ பிசுக்கோ இல்லையென்றால் பிடிப்பில் குறையில்லை.

குறை, உலரும் வேகம். காற்றின் ஈரத்தால் இறுகும் பசை இது. தெர்மாகோலின் முதுகு முழுக்கப் பூசினால் நடுப்பகுதி நாள்கணக்கில் இறுகாமலே கிடக்கும். இடைவெளி விட்டுச் செங்குத்துக் கோடுகளாக இழுத்து ஒட்டி, ஒரு வாரம் கழித்து ஓரங்களை அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மீன் பின்னால் புகுந்து சிக்கும். வினிகர் நெடி அடங்கும்வரை தண்ணீர் வேண்டாம்.

'பூஞ்சைத் தடுப்பு' என்று பசைக் குழாயில் போட்டிருந்தால் வாங்கவே கூடாது. அந்த மருந்து மீனுக்கு ஆகாது. தெர்மாகோல் மேல் சிமென்டு 3 பூச்சு, முதல் பூச்சு மோர்போல் நீர்க்க. சிமென்டு தண்ணீரின் பிஎச்சை (கார அளவை) ஏற்றிவிடும்; தண்ணீரை மாற்றி மாற்றி அது இறங்கிய பிறகே மீன்.