“ஆறும் புதுசுண்ணே” என்றார்கள்

டெல்டாவில் நெல் லோடு அடிக்கும் லாரிக்காரர்கள் வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன குறுவை அறுவடை நேரம். கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் மலையாகக் கிடந்தன, மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கம் ஏற்றி நீடாமங்கலம் ரயிலடியில் இறக்குவதுதான் என் வண்டிக்கு வேலை. ஆறு சிலிண்டர், பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டி. திடீரென்று ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) குலுங்க ஆரம்பித்தது. லோடில் பிக்கப் இல்லை, கரும்புகை. “அண்ணே, ஒரு சிலிண்டர் சரியா அடிக்கலை” என்றான் டிரைவர்.

அவசரத்துக்கு வழியில் இருந்த பட்டறையில் விட்டேன். பேர் வேண்டாம். அங்கே முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப் நட்டைத் தளர்த்தப் போனான், டிரைவர்தான் கத்தி நிறுத்தினான். பழைய பம்ப் வண்டிகளில் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று அப்படித்தான் பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டி அப்படியல்ல, எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் உயர் அழுத்தத்தில் நிற்கும். ஐடிலிலேயே அழுத்தம் சில நூறு பார், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். இதுகூடத் தெரியாத இடத்தில் வண்டியைக் கொடுத்துவிட்டு நான் மூட்டைக் கணக்குப் பார்க்கப் போய்விட்டேன்.

“ஆறு இன்ஜெக்டரும் போச்சுண்ணே, ஒண்ணை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் அடுத்தது போகும்” என்றார் மெக்கானிக். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனியாகப் பிடித்து அளந்திருந்தாலே எது கெட்டது என்று ஓரளவு தெரிந்திருக்கும். அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கூலியோடு 1,32,000 ரூபாய். பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டேன். “எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சுண்ணே.” எக்ஸ்சேஞ்ச் என்றால் விலையில் கழித்திருக்க வேண்டுமே என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் கேபினைத் தூக்கினால் சுஸ் சுஸ் என்று சத்தம். இரண்டாவது இன்ஜெக்டரின் அடியில் தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தது. நேரே தஞ்சாவூரில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கும் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பெரியவர் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கேஸ் கசியாமல் இன்ஜெக்டருக்கு அடியில் போடும் பழைய காப்பர் வாஷர் எஞ்சின் ஹெட்டின் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே இன்னொரு வாஷரைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இன்ஜெக்டர் ஒரு வாஷர் உயரத்துக்குத் தூக்கி நின்றது, சீட்டில் கார்பனும் சுத்தம் செய்யவில்லை. கேஸ் லீக் ஆகாமல் என்ன செய்யும்? “கழட்டினது எத்தனை, வெளியே வந்த வாஷர் எத்தனைன்னு எண்ண வேண்டாமாப்பா?” என்று டிரைவரைத் திட்டினார். பாவம், அவன் என்ன செய்வான்.

அப்புறம்தான் பெரிய விஷயம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு (code) பொறித்திருக்கும். புதிதாக மாட்டினால் அதை ஸ்கேனர் வைத்து எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஏற்ற வேண்டும். எந்த இன்ஜெக்டருக்கு டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று ஈசியூ அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. பட்டறையில் ஸ்கேனரே மாட்டவில்லை என்று டிரைவர் சொன்னான். ஆக, ஈசியூவில் இருப்பது கம்பெனியில் ஏற்றிய பழைய கோடுகள்தான். பெரியவர் இன்ஜெக்டர் தலையில் இருந்த சில்வர் பெயின்டைச் சுரண்டித் துடைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். நாலு கோடு அப்படியே பொருந்தியது. நாலும் என்னுடையவை! கழுவி, பெயின்ட் அடித்து, எனக்கே விற்றிருக்கிறார்கள். மீதி இரண்டு வேறு எவர் வண்டியிலிருந்தோ கழற்றியவை.

சோதனை பெஞ்சில் வைத்துப் பார்த்ததில் என் நாலும் நன்றாகவே இருந்தன. அவர்கள் போட்ட இரண்டில் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்தால் எஞ்சின் ஆயில் அளவு ஏறியிருந்தது, டீசல் வாடை; சொட்டிய டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போக வைத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். இரண்டு புது இன்ஜெக்டர், ஆறு வாஷர், ஆயில் மாற்றம், கோடு ஏற்றியது என்று இன்னொரு பெரிய பில்.

பட்டறைக்குத் திரும்பிப் போனேன். “ஆறும் புதுசுண்ணே, பில் இருக்கே” என்றார் அதே மெக்கானிக். பில்லை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ‘இன்ஜெக்டர் செட் - 1’ என்று ஒரே வரி. பார்ட் நம்பர் இல்லை, கோடு இல்லை. பெயின்ட் சுரண்டிய இன்ஜெக்டர் படங்களைக் காட்டிய பிறகு குரல் இறங்கியது. பாதிப் பணம் தருகிறாராம், சம்பா அறுவடை முடியட்டும் என்கிறார்.