நரி வந்த பிறகு: கால்நடை மருந்தகமும் நாய்க்கடி ஊசி அறையும்

மே மாதம் இரண்டாவது வாரம் எங்கள் லைனுக்குள், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குள், ஒரு நரி வந்தது. அன்றிலிருந்து நாய்க்காகக் கால்நடை மருந்தகம், எனக்காக ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்துகொண்டிருக்கிறேன். எங்கள் லைனிலும் மேலே உள்ள ஹட்டியிலும் (படுகர் ஊர்) ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் வந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள். எங்கே போவது, என்ன கேட்பது என்று தினம் யாராவது வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

அன்று விடிகாலை ஐந்தரை மணிக்கு வெந்நீர் அடுப்பு மூட்டப் பின்பக்கம் போனேன். என் நாய் மணியின் குரல் சரியில்லை. சிறுத்தை வந்தால் அது குரைக்காது, கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். காட்டெருமை என்றால் தள்ளி நின்று குரைக்கும். அன்று எதனுடனோ கட்டிப் புரண்டுகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் நரி. மனித வாடை பட்டாலே தேயிலைக்குள் மறைந்துவிடும் பிராணி அது. ஆனால் இது நகரவே இல்லை. விறகை எடுத்து எறிந்தேன், விறகையே கவ்விக் கடித்தது. வாயெல்லாம் எச்சில் வழிந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய், அங்கே கட்டியிருந்த மூன்று மாதக் குட்டியையும் கடித்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டது.

மணியின் இடது காது கிழிந்து ரத்தம் கொட்டியது. ஒரு துணியை எடுத்துக் காதை அழுத்திப் பிடித்தேன். கையுறை போட வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? முந்தின இரண்டு நாளும் கவாத்து வேலை, தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது. கவாத்து வெட்டிய கை எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

எட்டு மணிக்கு மருந்தகம் திறக்கும்போது வாசலில் நின்றேன். அடுத்த வீட்டு செல்வியும் குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா முதலில் மணியைப் பார்க்கவில்லை. "உங்க கையைக் காட்டுங்கம்மா" என்றார். காட்டினேன். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் கீறல்கள், இரண்டு இன்னும் காயவில்லை. "நரியோட எச்சில் நாயோட காதுல இருக்கும். அந்தக் காதை இந்தக் கையாலதான பிடிச்சீங்க? முதல்ல போய்க் கழுவுங்க. சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து பதினஞ்சு நிமிஷம்" என்றார். வெளியே குழாயடியில் சோப்பு இருந்தது. மருந்தக உதவியாளர் அண்ணன் பக்கத்திலேயே நின்று, நான் ஐந்து நிமிடத்தில் கையை எடுத்தபோது, "இன்னும் ஆகலைக்கா" என்று மறுபடி கழுவவைத்தார். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைத்துவிடும், அதனால் ஊசிக்கு முன்னாலேயே பாதி வேலை குழாயடியில் முடிந்துவிடும் என்றும் அவர்தான் சொன்னார். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிற இடத்தில் என் கையைப் பார்த்தார்களே, அதை நான் மறக்கவே மாட்டேன். மனிதர்களைப் பார்க்கும் இடத்தில் அப்படிக் கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மணிக்குப் போன வருடம் ஜூலை 6 இலவச முகாமில் ஊசி போட்டிருந்தேன். விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குப் பரவும் நோய்களுக்கான நாள் அது. 1885-இல் அதே தேதியில்தான் பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் ஊசி போடத் தொடங்கினாராம். முகாம் அட்டையில் மருந்தின் ஸ்டிக்கர், தொகுதி எண், அடுத்த தவணைத் தேதி எல்லாம் இருந்தன. டாக்டரம்மா அதைப் பார்த்ததும், "நல்லவேளை, ஒரு வருஷம் இன்னும் முடியலை" என்றார். காயத்தைக் கழுவி, தையல் போடாமல் விட்டார். அன்றைக்கு ஒரு ஊசி, மூன்றாம் நாள் இன்னொன்று. 45 நாள் கட்டியே வைத்துக் கவனிக்கச் சொன்னார்.

அதற்கு முந்தைய வருடத்து ஊசியையும் அதே அட்டையில் காட்டினேன். அது டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் 400 ரூபாய் கொடுத்துப் போட்டது. அன்று கரண்ட் இல்லை. மருந்தை மேசை டிராயரிலிருந்து எடுத்தார்கள். ஸ்டிக்கரும் ஒட்டவில்லை, எண்ணும் எழுதவில்லை. டாக்டரம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதை நான் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா" என்றார். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கால்நடை மருந்தகத்துக் குளிர்ப்பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. கதவில் காலையும் மாலையும் டிகிரி எழுதும் தாள் ஒட்டியிருக்கிறது. காசு கொடுத்துப் போட்ட ஊசியை நம்ப முடியவில்லை, இலவச ஊசிதான் என் நாயைக் காப்பாற்றப் போகிறது. அதனால் யார் போட்டாலும், மருந்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள், ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்.

செல்வியின் குட்டிக்கு ஒரு ஊசியும் போட்டதில்லை. முதல் ஊசி மூன்று மாதத்தில்தான் போடுவது. அந்த வாரம்தான் அவள் கூட்டிப்போக இருந்தாள். டாக்டரம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. ஐந்து ஊசித் தொடர் போடலாம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது, மாதக்கணக்கில் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யோசித்துக்கொள் என்றார். செல்வி அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். கடைசியில் ஊசித் தொடரையே தேர்ந்தெடுத்தாள். குட்டி இப்போது பழைய கோழிக்கூட்டில் இருக்கிறது. கம்பியின் இந்தப் பக்கமிருந்தே சோறு தள்ளுகிறாள்.

மருந்தகத்தில் குறை என்றால் நேரம்தான். பன்னிரண்டு மணிக்கு மூடினால் மூன்று மணிக்குத்தான் திறக்கிறார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் எடை போட்டு முடித்து வருவதற்குள் சாத்தியிருக்கும். வர முடியாதவர்கள் 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை வண்டி வரும்.

சரி, என் கதை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் இடத்தில், "எங்கே கடிச்சது?" என்று கேட்டார்கள். கடிக்கவில்லை என்றேன். "கடிக்கலைன்னா ஊசி எதுக்கும்மா?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஒதுங்கி நின்றுவிட்டேன். டாக்டரம்மா ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்ததால்தான் மறுபடி போய் நீட்ட முடிந்தது. அந்தத் தாள் இல்லாதவர்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காயத்தில் எச்சில் பட்டால் அதுவும் கடி மாதிரிதான், மூன்றாம் வகை, அதாவது ஆபத்து அதிகமான வகை. அந்தச் சன்னலுக்கு மேலேயே மூன்று வகைகளையும் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

உள்ளே ஊசி அறையில் இருந்த நர்ஸ் அக்கா வேறு மாதிரி. தாளைப் படித்ததும் எழுந்து வந்துவிட்டார். என்னை வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாயா என்று கேட்டு உட்காரவைத்தார். இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி, கொசுக்கடி மாதிரி ஒரு சின்னக் கொப்பளம். அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு முறை. காலண்டரில் வட்டம் போட்டுக்கொடுத்து என் போன் எண்ணையும் எழுதிக்கொண்டார். 7-ஆம் நாள் மழையில் பஸ் வரவில்லை. பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டு, "இன்னும் காணோமே, எங்கே இருக்கீங்க?" என்றார். நடந்தே போனேன்.

அப்பா நாய்க்கடி ஊசி என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். கண்டியிலிருந்து இங்கே வந்த புதிதில் அவரை நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. மருந்து நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஆட்டு மூளையிலிருந்து செய்தது. 1907-இல் தொடங்கிய நிலையம் அது. அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் 14 ஊசிப் பயம் மட்டும் லைனில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பயந்துதான் சுண்ணாம்பும் காபித்தூளும் அப்புகிறார்கள். தயவுசெய்து எதையும் அப்பாதீர்கள், தண்ணீரும் சோப்பும் போதும். நாட்டில் வருடத்துக்கு 5,700 பேருக்கு மேல் இந்த நோயில் சாகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025-இல் வந்தது. கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்வதில்லையாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெரிய குறை: அங்கே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து இல்லை. ஊசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காயத்திலேயே காவல் நிற்பது இந்த மருந்துதான். மூன்றாம் வகைக்குக் கட்டாயம் வேண்டும். ஊட்டிக்குப் போகச் சொன்னார்கள். பஸ் மாறி, மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே எடை பார்த்து அளவு கணக்கிட்டு, அலர்ஜி வருகிறதா என்று சோதித்துவிட்டு, ஒவ்வொரு கீறலையும் சுற்றிக் குத்தினார்கள். விரல் இடுக்கில் குத்தும்போது உயிர் போனது. பயிற்சி டாக்டர் பெண் ஒன்று என் மறு கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டுதான்மா, இன்னும் ஒண்ணுதான்மா" என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும் போயிற்று. இதைத் தாங்க முடியாதவர்கள் அந்த மருந்தை விட்டுவிடுவார்கள். மலையில் ஒவ்வொரு நிலையத்திலும் சில குப்பிகளாவது வைக்க வேண்டும்.

இன்னொன்று. "பத்து நாள் பார், பிராணி சாகவில்லை என்றால் ஊசியை நிறுத்திக்கொள்" என்று லைனில் சொல்வார்கள். அது வீட்டு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். நரி, கீரி, குரங்குக்குப் பொருந்தாது என்று இரண்டு டாக்டர்களும் தனித்தனியாகச் சொன்னார்கள். அந்த நரியை நாலாம் நாள் ஓடையோரம் செத்துக் கிடக்கப் பார்த்தோம். பையன்கள் கம்பால் புரட்டப் போனார்கள், சத்தம்போட்டு நிறுத்தி வனத்துறைக்குச் சொன்னேன். கையுறையும் முகமூடியும் போட்டு வந்து மூட்டை கட்டி எடுத்துப்போனார்கள். மூளையை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியுமாம். முடிவு இன்னும் வரவில்லை. அதற்காக யாரும் ஊசியைத் தள்ளிப்போடவில்லை.

பூனையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். என் செல்லி ராத்திரி முழுக்கத் தேயிலைக்குள் சுற்றும், காலையில் என் போர்வைக்குள் வந்து படுக்கும். அதற்கு இதுவரை ஊசியே போட்டதில்லை. தலையணை உறைக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரியக் கட்டித் தூக்கிப்போனேன். உதவியாளர் அண்ணன் உறைக்கு மேலேயே பிடித்து ஒரு நொடியில் போட்டுவிட்டார். இப்போது லைனில் ஏழு பூனைகள் தலையணை உறையில் போய்வந்துவிட்டன.

மதிப்பெண் கேட்டால், கால்நடை மருந்தகத்துக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்காகக்கூட நான் குறைக்கமாட்டேன். சுகாதார நிலையத்தின் ஊசி அறைக்கு ஐந்து, அதன் சீட்டுச் சன்னலுக்கு ஒன்று. ஊட்டி ஆஸ்பத்திரிக்கு நாலரை. அங்கே காத்திருக்கும் இடத்தில் உட்கார இடமில்லை.

எனக்கு 28-ஆம் நாள் ஊசி வருகிற வெள்ளிக்கிழமை. மணியின் காது ஆறிவிட்டது, கட்டி வைத்ததில்தான் கோபம். இன்னும் 20 நாள் இருக்கிறது. செல்வியின் குட்டி இன்று காலை சோறு முழுவதையும் தின்றது.